"சுமை" என்ற சொல்லின் வரலாறு



எமது ஊர்களில் ஒரு பிள்ளை மூன்று வயதாகியும் பேசாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், காரணம் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. கண்ணூறு என்பார் ஒருவர். செல்லடிச் சத்தத்தில் பயந்தது என்பார் இன்னொருவர். தாயின் வளர்ப்புச் சரியில்லை என்பார் மூன்றாமவர். கடைசியில் எல்லோரும் ஒரே சொல்லில் வந்து நிற்பார்கள்: "பாவம், வாழ்நாள் முழுக்கச் சுமை."

இந்தச் சொல் எங்கெல்லாம் போய் வந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1925 இல் மொஸ்கோவில் சுகரேவா என்ற பெண் மருத்துவர், தனித்த போக்குடைய ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஓட்டிசம் என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகுதான். பெயர்தான் புதிது. அப்படிப்பட்ட பிள்ளைகள் அதற்கு முன்னரும் எல்லா ஊர்களிலும் பிறந்து வளர்ந்திருப்பார்கள்.

அதே காலத்தில் ஜேர்மனியில் நாசிகள் ஆட்சி செய்தார்கள். அங்கே பாடசாலைக் கணிதப் புத்தகங்களிலேயே, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குக் கொடுத்தார்கள். கணக்கில் தொடங்கியது கொலையில் முடிந்தது. 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 70,000 இற்கும் மேற்பட்டவர்கள் நச்சு வாயுவால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. "சமூகத்துக்குச் சுமை" என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், அவ்வளவுதான். ஆசிரியர்களாகிய நாம் மறக்கக் கூடாத பாடம் இது. ஒரு மனிதரைச் செலவுக் கணக்காகப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால், பிறகு எதுவும் நடக்கலாம்.

யுத்தம் முடிந்ததும் பழி தாய்மாரின் தலையில் விழுந்தது. தாய் பாசமில்லாமல் குளிர்ந்த மனதோடு இருந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்தவர்களே சொன்னார்கள். 1967 இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் இதைப் பெரிதாகப் பரப்பியது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பேர்னார்ட் ரிம்லண்ட், இது வளர்ப்பால் வருவதல்ல, மூளையின் அமைப்போடு சம்பந்தப்பட்டது என்று எழுதியிருந்தார். 1977 இல் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது. தாயைக் குற்றம் சொன்ன "விஞ்ஞானம்" அத்தோடு ஆட்டம் கண்டது. எமது தெருக்களில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

1990களில் ஓட்டிசம் உள்ளவர்களே தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஜிம் சிங்கிளயர் 1993 இல், எங்களை நினைத்துத் துக்கம் கொண்டாட வேண்டாம் என்ற கருத்தில் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். 1998 இல் அவுஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் நரம்பியல் பன்மைத்துவம் என்ற கருத்தைத் தன் ஆய்வில் எழுதினார். காட்டில் பாலையும் முதிரையும் வீரையும் சேர்ந்து நிற்பது போல, மனித மூளைகளும் பலவிதம். ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றதைக் கோணல் என்று சொல்ல முடியாது. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சியாகக் காணும் எங்களுக்கு இது புதிய செய்தியல்ல. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லும் பொறுப்பையும், தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் கொடுத்தார்கள். பரிதாபப்பட்டு மூலையில் இருத்தவில்லை.

இனி எமது வன்னிக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். இருபது வருடங்களுக்கு மேல் புத்தளத்தில் கழிந்தது. 2009 இல் வன்னித் தமிழ் உறவுகள் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்டார்கள். ஒரே பாதை, ஒரே பாய், ஒரே கோப்பை என்று பழக்கம் மாறாமல் இருந்தால்தான் நிம்மதியடையும் ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு இடப்பெயர்வும் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போரின் மனவடு உண்மையானது. மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுத முடியாது. 2009 இற்குப் பின் பிறந்த பிள்ளைகள் செல்லடிச் சத்தம் கேட்டதில்லை. அவர்களிலும் ஓட்டிசம் உள்ளவர்கள், எழுத்துகள் தடுமாறுபவர்கள், ஓரிடத்தில் இருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. மனவடு உள்ள பிள்ளைக்குத் தேவை ஆறுதலும் சிகிச்சையும். பிறப்பிலேயே வேறுவிதமாகச் சிந்திக்கும் பிள்ளைக்குத் தேவை வேறுவிதமான கற்பித்தல். இரண்டையும் குழப்பினால் இருவருமே இழக்கிறார்கள்.

இயல்பு என்றால் உதவி தேவையில்லை என்று அர்த்தமல்ல. பேச்சுப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், இரவில் நித்திரையில்லாத தாய்க்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். வீட்டுக்குப் பாரமாக இருப்பது உதவியில்லாத நிலைமைதான், பிள்ளையல்ல.

இந்நாட்டில் 1912 இல் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்குப் பாடசாலை திறந்தார்கள். 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளி என்ற காரணத்தால் ஒருவருக்குக் கல்வி நிலைய அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது அது. 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் அரசு ஏற்று உறுதிப்படுத்தியது. முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லமும், வவுனியாவில் வரோட் நிறுவனமும் இயங்குகின்றன. ஆகவே தொடக்கம் இருக்கிறது. மிச்சம் எங்கள் கையில்.

பெற்றோரே, சந்தேகம் வந்தால் ஒளிக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள். ஓதிப் பார்ப்பதென்றால் ஓதுங்கள், ஆனால் கிளினிக்கைப் பிற்போடாதீர்கள். பாடசாலை மறுத்தால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். சக ஆசிரியர்களே, "மொக்கு", "விசர்" என்ற சொற்களை வகுப்பறைக்கு வெளியே விடுவோம். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் சத்தம் போடும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து முறைக்காமல் இருப்போம். அந்தத் தாய் அடுத்த வாரமும் வரட்டும்.

ஊர் விட்டு ஊர் துரத்தப்பட்டு, போன இடமெல்லாம் சுமையாகப் பார்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதை எமது பிள்ளைகள் மீது நாமே சுமத்த வேண்டாம்.