காணாமற்போன துண்டு: பிலடெல்பியா குரோமோசோமின் வரலாறு

மனித உயிரணுவின் உட்கருவில் மரபுப்பொருளைச் சுமந்திருக்கும் இழைகளான குரோமோசோம்கள் எத்தனை என்பதே 1956இல்தான் உறுதிப்பட்டது. சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் டியோவும் ஆல்பர்ட் லெவானும் அவை 46 என்று நிறுவும்வரை, 48 என்ற கணக்கே முப்பதாண்டுகளுக்கு மேலாக ஏற்கப்பட்டிருந்தது. எண்ணிக்கையே தெளிவாகாத அந்நாளில், புற்றுநோயின் வேர் குரோமோசோம்களின் குலைவில் இருக்கலாம் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் பொவேரி 1914இல் முன்வைத்த கருத்து மனித உயிரணுக்களில் சோதிக்கப்படாமலே கிடந்ததில் வியப்பில்லை.

எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், இயல்புக்கு மாறாகக் குறுகிய ஒரு குரோமோசோம் இருப்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெலும் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் ஹங்கர்போர்டும் கண்டு 1960இல் வெளியிட்டனர். இருவரும் பணிபுரிந்த பிலடெல்பியா நகரின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஒரு மனிதப் புற்றுநோயுடன் மாறாமல் சேர்ந்து வந்த முதல் குரோமோசோம் அடையாளம் இதுவே. ஆயினும் பிற புற்றுநோய்களில் ஆளுக்கு ஆள் வேறுபடும் குழப்பமே தென்பட்டதால், குரோமோசோம் மாற்றம் நோயின் விளைவேயன்றிக் காரணமன்று என்ற எண்ணம் வலுப்பெற்றது. குறுகிய குரோமோசோமிலிருந்து ஒரு பகுதி அழிந்துபோயிற்று என்ற ஊகமும் அதனுடன் நிலைத்தது. இத்தேக்கத்துக்கு ஆய்வாளர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. அக்கால முறையில் சாயமேற்றிய குரோமோசோம்கள் முழுவதும் ஒரே சீராக நிறங்கொண்டமையால், அளவிலும் வடிவிலும் ஒத்தவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வழியே இருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர் சுவீடனின் டோர்பியோர்ன் காஸ்பர்சன். மலேரியா மருந்தாக அறியப்பட்ட குயினக்ரின் வகைச் சாயத்தை ஏற்றி, புற ஊதா ஒளியில் நோக்கினால், ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய ஒளிப்பட்டைகளைக் காட்டும் என்று 1970ஐ ஒட்டி அவருடைய குழு கண்டறிந்தது. இம்முறையை ஆக்ஸ்போர்டில் கற்றுக்கொண்டு சிகாகோவுக்குத் திரும்பியவர்களுள் ஒருவர் ஜேனட் ரௌலி. 1925இல் நியூயார்க்கில் பிறந்த அவர், சிகாகோ பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கென ஒதுக்கிய மூன்று இடங்களும் நிரம்பிவிட்டமையால் அடுத்த வகுப்பு வரை காத்திருந்து சேர்ந்தவர். நான்கு ஆண்மக்களை வளர்த்துக்கொண்டு நெடுங்காலம் பகுதிநேரமாகவே பணியாற்றியவர். குரோமோசோம்களின் ஒளிப்படங்களைத் தம் வீட்டு உணவு மேசையில் வைத்து வெட்டி, இணை இணையாக அடுக்கி ஒப்பிடுவது அவர் வழக்கம். 1972இல் கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 8, 21ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். இவ்வகைப் பரிமாற்றமே இடமாற்றம் எனப்படுகிறது. அதனைத் தொடர்ந்து பிலடெல்பியா குரோமோசோமை ஆராய்ந்தபோது, 22ஆம் குரோமோசோம் எங்கெல்லாம் குறுகியிருந்ததோ அங்கெல்லாம் 9ஆம் குரோமோசோமின் முனை நீண்டிருந்தது. 1973 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த சில பக்கக் கட்டுரை, அழிந்ததாகக் கருதப்பட்ட துண்டு இடம் மாறியிருக்கிறது என்று காட்டியது.

வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அழிவு என்றால் இல்லாததைத் தேட வேண்டியிருக்கும், இடமாற்றம் என்றாலோ புதிதாக ஒட்டிய இடத்தில் என்ன உருவாயிற்று என்று பார்த்தால் போதும். 1980களில் அவ்விடத்தைத் துருவிய பிற ஆய்வாளர்கள், 9ஆம் குரோமோசோமின் ஏபிஎல் மரபணு 22ஆம் குரோமோசோமின் பிசிஆர் மரபணுவுடன் இணைந்து, வெள்ளணுக்களை ஓயாது பெருகத் தூண்டும் ஒரு கலப்புப் புரதத்தை உண்டாக்குவதை வெளிப்படுத்தினர். அப்புரதத்தின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எனினும் குரோமோசோமிலிருந்து மரபணு, மரபணுவிலிருந்து மருந்து என்ற வரிசை எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. கடும் புரோமைலோசைட்டு ரத்தப் புற்றுநோயில் 15, 17ஆம் குரோமோசோம்களுக்கிடையிலான இடமாற்றத்தை ரௌலியும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் விவரித்தனர். அந்நோய்க்கு வைட்டமின் ஏ வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலத்தை அளித்து, ஷாங்காயின் வாங் ஜென்யி குழுவினர் 24 நோயாளிகளில் கண்ட வெற்றியை 1988இல் அறிவித்தனர். 17ஆம் குரோமோசோமில் முறிவு நேரும் இடம் அதே ரெட்டினாயிக் அமிலத்தை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணுவே என்பது அதற்குப் பின்னரே தெரியவந்தது.