பழவேற்காட்டுப் பொதியில்

பட்டினப்பாலையில் ஒரு பொதியில் வருகிறது. திருமாவளவனிடம் தோற்ற பகைவர் நாட்டின் பாழைச் சொல்லும் இடத்தில், அது முன்பு எவ்வாறு இருந்தது என்பதையும் உருத்திரங்கண்ணனார் விடாமல் சொல்லிச் செல்கிறார். சிறைப்பிடித்து வரப்பட்ட மகளிர் நீராடித் தரை மெழுகி அந்தியில் விளக்கேற்ற, பலர் தொழ, வழிவந்த புதியவர் தங்கிய பொது இல்லம் அது. கோயிலும் சத்திரமும் ஒரே கூரையின் கீழ்! பல்நோக்குக் கூடம் என்று இன்று கட்டடக் கலைஞர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அவ்வரிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. விளக்கேற்றிய பெண்கள் அங்கே அமர்ந்து பேசினார்களா என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் பழவேற்காடு சென்றிருந்தேன். டச்சுக் கல்லறைகளைக் காண்பதே நோக்கம். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்ததையும், 1690இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியதையும் எழுதியோர் பலர்; இங்கே விட்டுவிடுகிறேன். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பூட்டிக் கிடந்த ஊர்ப் பொதுக்கூடமே என்னை நிறுத்தியது. அதன் திண்ணையில் வலைகள் குவிந்திருந்தன. எதிரே வெயிலில் அமர்ந்து பெண்கள் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அமர்ந்து செய்யலாமே என்று கேட்டேன். "அது ஊர்க்கூட்டம் போடுற எடம் சார்" என்றார் ஒரு மூதாட்டி. குரலில் குறை ஏதுமில்லை.

அந்த ஊர்க்கூட்டம் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் தளங்களில் யார் எந்நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். வலியவன் நல்ல நீரை வளைத்துக்கொள்ளாதபடி காத்த ஏற்பாடு இது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு ஒப்பான குலுக்கல் முறை உண்டு. ஆனால் பாட்டில் பெயர் இருப்பது தலைக்கட்டுகளுக்கே, அதாவது ஆண்களுக்கு. நீரில் இறங்கிக் கையால் இறால் தடவும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. பனையோலை முடையும் இசுலாமியப் பெண்களுக்கும் இல்லை. நீதி செய்த அதே கூட்டம் வாசலில் ஒரு கோடும் கிழித்திருக்கிறது.

இதை வெறும் மரபு என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் புயல். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த கடும்புயலை இக்கரை அறியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் எழுந்த பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் 121 என்பது அரசுக் கணக்கு. புயலுக்கென்று மட்டும் கட்டிய கட்டடம் ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்து, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, தேவைப்படும் நாளில் உதவாமற் போகும் என்ற பட்டறிவே 'பல்நோக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. வங்கதேசத்தில் பள்ளியையே புயற்கூடமாகக் கட்டியதும் இதனால்தான். ஆனால் அங்கே 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டார்கள். தனிக் கழிப்பறை இல்லாத, அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் செல்லத் தயங்கியதும் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நல்ல நாளில் வாசற்படி மிதித்தறியாத கூடத்துக்குள் நள்ளிரவில், காற்று கூரையைப் பிய்க்கும்போது, ஒருத்தி எப்படி ஓடி நுழைவாள்?

ஆகவே பழைய கூடங்களைப் புதுக்குவது என்றால் சுண்ணாம்பும் ஓடும் மட்டுமல்ல என்று கருதுகிறேன். தரைத்தளத்தைத் தூண்கள் மேல் திறந்த நிழலாக விட்டால், வெள்ளம் வந்தாலும் தடையின்றிக் கடந்து போகும். மற்ற நாள்களில் வலை பின்னவும் இறால் பிரிக்கவும் ஓலை முடையவும் இடமாகும். மேல்தளத்துக்கு முதியோர் ஏறச் சரிவுப்பாதை வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறையும் மழைநீர்த் தொட்டியும் வேண்டும். பாட்டுக் குலுக்கலும் அங்கேயே நடக்கட்டும்; அதை இடம் மாற்றச் சொல்ல நான் யார்? சாவி மட்டும் இரண்டாக இருக்க வேண்டும்: ஒன்று ஊர்த்தலைவரிடம், மற்றொன்று அந்த வெயிலில் அமர்ந்திருந்தவர்களிடம். நாங்கள் போன அன்று கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டோம். சாவி வைத்திருந்தவர் கடலுக்குப் போயிருந்தார்.