தங்கியதாலா, தலத்தாலா? ஒரு மறுவாசிப்பு

எட்டயபுரம் வட்டாரக் கரிசல் ஊர்களில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் ‘காத்து கருப்பு’ என்றோ ‘செய்வினை’ என்றோ சொல்லிப் பல குடும்பங்கள் முதலில் போவது புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு. இல்லையென்றால் ஏர்வாடி தர்காவுக்கு. இந்துக் குடும்பங்களும் தயங்குவதில்லை. இவ்வழக்கம் நிலைபெற்ற காலத்தை ஓர் ஆண்டுக்குள் அடைக்க முடியாது. அது ஏன் நீடித்தது என்பதை விவாதிக்கலாம்.

இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் விடை, ஆர். ரகுராம் குழுவினர் 2002 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். மருந்தில்லாமல் சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. கோயிலில் வசிப்பதற்குள்ள பண்பாட்டு ஆற்றலே காரணம் என்றனர்.

அளவீட்டில் எனக்குப் பிணக்கில்லை, காரணத்தில்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அவ்வாய்வில் இல்லை. நோய் முற்றிய நிலையில் வருபவர் சில வாரங்களில் ஓரளவு தணிவது இயல்பாகவும் நிகழும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொருவருடனும் குடும்பத்தார் ஒருவர் கூடவே தங்கியிருந்தார். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஆறு வாரம் ஓர் ஆளை விட்டுக்கொடுப்பது எளிதா? அந்த 31 பேரும் துணைக்கு ஆள் வாய்த்தவர்கள். அடிக்காத, விரட்டாத இடம், சிறு வேலைகள், அருகில் ஓர் உறவு. இவற்றைக் கழித்துவிட்டால் தலத்தின் பங்கென்று எவ்வளவு மிஞ்சும்? நேரடிச் சான்று குறைவுதான் என்றாலும், ‘பண்பாடு’ என்று அவர்கள் கண்டதில் பெரும்பகுதி பராமரிப்பே என்பது என் துணிபு.

துணைக்கு ஆள் இல்லாதவர்களின் கதி ஏர்வாடியில் தெரிந்தது. காசு வாங்கிக்கொண்டு நோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பில் ‘25 பேர்’ என்றிருக்கிறது. இறந்தோர் தொகை பின்னர் 28 ஆனது. இன்றும் சட்ட நூல்கள் 25 என்கின்றன, ஆய்வாளர்கள் 28 என்கிறார்கள். இதை எழுத்துப் பிழையாக ஒதுக்க எனக்கு மனமில்லை. முதல் கணக்கில் அடங்காத மூவர் வழக்கின் பெயருக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த 2002 பிப்ரவரி ஆணை மாவட்டந்தோறும் இத்தகைய காப்பகங்களைக் கணக்கெடுக்கவும், உரிமம் தரவோ மறுக்கவோ செய்யவும் சொன்னது. 1987 மனநலச் சட்டத்தைப் போலவே அதன் பார்வையும் கட்டடத்தின் மீதே இருந்தது. நோயாளியின் வீட்டுக்கும் மருத்துவருக்கும் இடையிலான தொலைவைச் சட்டம் பொருட்படுத்தத் தொடங்கியது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான் என்பேன். அதன் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடுத்தது. 18ஆம் பிரிவு, மாவட்டத்தில் அரசுச் சேவை கிடைக்காவிட்டால் அங்கேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றது. மாவட்ட மனநலத் திட்டமோ 1996-97லேயே நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றுள் திருச்சியும் ஒன்று. எனவே சட்டம் திட்டத்துக்கு முன்னோடியல்ல, காலத்தால் பிந்தியது.

மாவட்டம் என்ற அலகும் பெரிது. எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நோயாளியோடு போய்வர ஒரு நாள் கூலி போகும். ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மருந்தும் துஆ என்னும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்க அரசு பின்னாளில் ஏற்பாடு செய்தது. ரகுராம் குழுவினரின் ஆய்வைப் பிடித்துக்கொண்டு தலமே போதும் என்று வாதிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தலங்களுக்கு வருவோரைத் தேடி மருத்துவரும் மாத்திரையும் போகட்டும். எட்டயபுரம் அரசு மருத்துவமனையில் கிழமை குறித்து மனநல மருத்துவர் உட்காரட்டும். கூடத் தங்கும் உறவினருக்கு இழந்த கூலியை அரசு ஈடுசெய்யட்டும்.