அனகாபுத்தூர் கட்டம் போட்ட துணி

2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது அதில் சேர்ந்த ஊர்களில் அனகாபுத்தூரும் ஒன்று. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் சாலையில் பம்மலைத் தாண்டினால் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு தாம்பரத்துக்குக் குடிவந்தவன் நான். இந்த ஊர்த் தறிகளில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டியதாக இருந்தது என்று படித்தபோது முதலில் நம்ப முடியவில்லை.

அந்தத் துணிக்கு வியாபாரப் பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்'. கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் வைப்பதை நினைக்க வேண்டாம். ஒரு கெஜம் சதுரம், கட்டம் போட்ட பருத்தி. ஒன்றோடொன்று ஒட்டியபடி நெய்ததை வெட்டாமல் இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். 1639-இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கே இங்கே துணி மலிவு என்பது ஒரு முக்கியக் காரணம். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியதும் நெசவாளர்களைக் குடிவைக்கத்தான். நம் நகரமே தறியை நம்பி எழுந்தது என்றால் மிகையில்லை.

நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்றொரு மக்கள். நம் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்பார்கள். அசலா போலியா என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்களாம். ஆனால் வாங்கியதை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. அங்குள்ள பெண்கள் ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, இரண்டு பக்கமும் பிளேடால் நறுக்கி உருவிவிடுவார்கள். பெரும்பாலும் வெளிர் நிற இழைகள்தான் போகும்; கருத்த இழைகள் நிற்கும். கட்டத்துக்குள் புதிதாக ஒரு கோலம் பிறக்கும், துணி வலைபோல் லேசாகிவிடும். இதற்குப் பெயர் 'பெலெடே பிடே', அதாவது நறுக்கிய துணி. பெரியவர்கள் இறந்தால் உடலைக் கிடத்தும் அறையை இதனால் அலங்கரிப்பது வழக்கம்.

பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டவர் இங்கே. அதே இழையைத் தேடித்தேடி அறுத்தவள் அங்கே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அறுத்தவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் அது மாதக்கணக்கில் கண்ணைக் கெடுக்கும் வேலை. நெய்தவருடையது பாதிக் கலை என்றால் மீதி அவளுடையது.

(அமெரிக்காக்காரர்கள் வேறு ரகம். 1950-களின் கடைசியில் சென்னைத் துணி சாயம் போகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு 'சாயம் போவது நிச்சயம்' என்பதையே விளம்பரமாக்கி விற்றார்கள்!)

1970-களில் நைஜீரியா வெளிநாட்டுத் துணிக்குக் கதவை அடைத்தது. ஒரே சந்தையை நம்பியிருந்த ஊர் என்ன செய்யும்? தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள். தறிக்குழி இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை வந்தது.

மிச்சமிருந்த சிலர் வாழைநாரைக் கையிலெடுத்தார்கள். வாழை மட்டையை உரித்து நார் பிரித்து, இழையை இழையோடு முடிந்து, பருத்தியோடு சேர்த்துப் புடவை நெய்கிறார்கள். கற்றாழை, அன்னாசி நாரும் தறியேறியிருக்கின்றன. அனகாபுத்தூர் என்றால் இன்று பத்திரிகைகளில் வருவது இந்தப் புடவைதான்.