தாத்தாவின் கேமராவைப் பூட்டி வைக்காதீர்கள்: பழைய லென்ஸ் சேகரிப்போருக்கு ஒரு கையேடு

தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் தோல் உறைக்குள் உறங்கும் பழைய கேமராக்கள் இன்னும் இருக்கின்றன. வீடு மாறும்போது சில, பழைய சாமான் வாங்குபவரிடம் போய்ச் சேருகின்றன. சில, பெரியவரின் நினைவாகக் கண்ணாடி அலமாரிக்குள் போகின்றன. அலமாரியில் வைப்பது மரியாதையாகத் தெரிந்தாலும், நம் ஊர் ஈரக்காற்றில் அதுவும் லென்ஸை மெல்லக் கொல்லும் வழிதான். பழைய லென்ஸைக் காப்பாற்ற வேண்டுமானால், அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

உள்ளே பிலிம் இருக்கலாம்

பழைய கேமரா கைக்கு வந்ததும் பின்மூடியைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எடுத்து முடிக்காத கடைசி பிலிம் உள்ளேயே இருக்கலாம்.

35 மி.மீ. கேமரா என்றால், பிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காலி. இறுகிப் பிடித்தால் பிலிம் இருக்கிறது. பெட்டிக் கேமராக்கள், மடிப்புக் கேமராக்கள் பலவற்றின் முதுகில் சிறிய சிவப்புச் சாளரம் இருக்கும். அதில் தாளோ எண்ணோ தெரிந்தால் உள்ளே பிலிம் உண்டு.

கறுப்பு வெள்ளைப் பிலிம் பல பத்தாண்டுகள் கழித்தும் படம் தரக்கூடும். தோட்டமே வீடமைப்புப் பகுதியாகிவிட்ட குடும்பத்துக்கு, லயத்து வாசலில் எடுத்த ஒரு மங்கலான படம்கூட வேறெங்கும் கிடைக்காத ஆவணம். தெரியாமல் திறந்துவிட்டால் உடனே மூடிவிடுங்கள். சுருளின் வெளிச்சுற்றுகள் வீணாகியிருந்தாலும் உட்சுற்றுகள் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

வளையத்தைப் படியுங்கள்

லென்ஸின் முன்வளையத்தில் அதன் பெயர், குவியத் தூரம், முழுத் திறப்பின் எண், வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஹீலியோஸ் 44-2’ என்ற லென்ஸில் ‘2/58’ என்று இருந்தால், குவியத் தூரம் 58 மி.மீ., திறப்பு எஃப் 2 என்று பொருள். திறப்பு எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.

சோவியத் நாட்டின் ஸெனிட் கேமராக்களோடு வந்த இந்த ஹீலியோஸ், ஜெர்மனியின் ஸெய்ஸ் நிறுவனத்துப் பையோட்டார் வடிவமைப்பைத் தழுவியது. முழுத் திறப்பில் எடுத்தால், ஆளுக்குப் பின்னால் உள்ள ஒளிப்புள்ளிகள் படத்தின் நடுவைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும். ஓரங்களில் வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸ் குழாயே மறைத்துவிடுவதால், வட்டமான புள்ளிகள் அங்கே பூனைக்கண் வடிவாகின்றன. இலக்கணப்படி இது குறை. ஆனால், ரப்பர் மரங்களின் இலையிடுக்கில் வெயில் விழும் இடத்தில் ஒருவரை நிற்க வைத்து எடுத்துப் பாருங்கள். அந்தக் குறையைத் தேடி இந்த லென்ஸை வாங்குவோர் ஏன் இத்தனை பேர் என்பது புரியும்.

எது அரிது?

‘பழையது’ வேறு, ‘அரியது’ வேறு. ஹீலியோஸ் 44 வகை லென்ஸ்கள் பல மில்லியன் கணக்கில் தயாரானவை. ‘அரிய லென்ஸ்’ என்று சொல்லி யாராவது பெரிய விலை கேட்டால் நகர்ந்துவிடலாம்.

உண்மையில் அரியது எது என்பதற்கு ஸெய்ஸ் பிளானார் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸைச் சொல்லலாம். 1966-ஆம் ஆண்டில் பத்தே பத்து செய்யப்பட்டன. நாசா ஆறினை வாங்கியது. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் மூன்றினை வாங்கி, 1975-ல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தின் இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். கேமராக்களில், 1925-ல் லைக்கா விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் செய்த வரிசையைச் சொல்லலாம். அதில் 105-ஆம் எண் கேமரா, லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்தியது. 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் அது 14.4 மில்லியன் யூரோவுக்குப் போனது.

இத்தகைய விலைதான் போலிகளையும் வளர்க்கிறது. கார்கிவ் நகரில் 1934 முதல் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்ட ஃபெட் கேமராவும், பின்னர் வந்த ஸோர்க்கியும் ‘லைக்கா’ என்று பெயர் பொறிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. தங்க நிறமும் போர்க்காலச் சின்னமும் கண்டால் எச்சரிக்கை தேவை. லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூரம் அளக்கும் நெம்புகோலின் முனையில் லைக்காவில் சிறு உருளை இருக்கும். ஃபெட், ஸோர்க்கி கேமராக்களில் உருளை இல்லாத வெறும் நாக்கு போன்ற முனை இருக்கும்.

பயன்படுத்தக்கூடிய வித்தியாசமான கேமராக்கள்

ரீகா நகரில் 1938 முதல் தயாரான மினாக்ஸ், உள்ளங்கைக்குள் மறையும் கேமரா. உளவாளிகள் கையில் பேர்பெற்றது. ஆனால் அதன் 8-க்கு 11 மி.மீ. படத்துக்கான பிலிம் கிடைப்பது சிரமம். அழகுக்கு வைக்கலாம், அன்றாடம் எடுக்க முடியாது.

1959-ல் வந்த ஒலிம்பஸ் பென் அப்படியல்ல. சாதாரண 35 மி.மீ. பிலிமில் பாதிச் சட்டமாக எடுப்பதால், 36 படச் சுருளில் 72 படம் வரும். பிலிம் விலை ஏறியிருக்கும் இந்நாளில் சிக்கனமானது. இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் ரோலிஃபிளெக்ஸ், யாஷிகா மேட் கேமராக்களுக்கும் 120 பிலிம் இன்றும் தயாராகிறது. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள்.

வாங்குமுன் கைப்பேசி விளக்கு போதும்

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் சந்தை, பினாங்கு லோரோங் கூலிட், சிங்கப்பூர் பெனின்சுலா பிளாசா வட்டாரம் போன்ற இடங்களில் தேடுவோர், லென்ஸின் திறப்பை முழுதாக்கி, பின்னாலிருந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கலாம். திறப்பின் தகடுகளில் எண்ணெய் கசிந்தால் அவை மந்தமாக நகரும். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருப்பது பெரும்பாலும் படத்தைக் கெடுக்காது. பூஞ்சை கெடுக்கும். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்காதீர்கள்.

சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஒரு வகை அப்படிப்பட்டது. கண்ணாடி மஞ்சளித்திருப்பது அதன் அடையாளம். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் அச்சம் தேவையில்லை. அதை உடைப்பதோ, தேய்ப்பதோ, கண்ணில் ஒட்டிப் பார்ப்பதோ கூடாது.

பூஞ்சையை வெல்வது

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். தொடக்கத்திலேயே துடைத்தால் தழும்பு இருக்காது. காலம் கடந்தால் போகவே போகாது.

முதல் வேலையாகத் தோல் உறையிலிருந்து கேமராவை வெளியே எடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்த உறைதான். காற்றுப் புகாத உணவு டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி ஆகியவை இருந்தால் போதும். 40 முதல் 50 விழுக்காடு சரியான அளவு. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் மாவுத்தூள் உள்ளே போகும்.

புதிய உடலில் பழைய கண்

பழைய லென்ஸை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் ஓர் அடாப்டர் கொண்டு மாட்டலாம். 42 மி.மீ. விட்டமுள்ள எம்42 திருகுமரையை பிராக்டிகா, பெண்டாக்ஸ், ஸெனிட் எனப் பல கேமராக்கள் பயன்படுத்தின. எனவே ஒரே அடாப்டர் பல லென்ஸ்களுக்கு உதவும். எம்42 லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனி மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி 18 மி.மீ. மட்டுமே. மீதியுள்ள 27.46 மி.மீ.யை அடாப்டர் நிரப்புகிறது. நிக்கானின் பழைய எஃப் வகை கேமராக்களில் இடைவெளியே 46.5 மி.மீ. என்பதால், சாதாரண அடாப்டரில் தொலைவுக் காட்சி தெளிவாகாது.

கேமரா அமைப்பில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்பதை இயக்கிவிட்டு, கையால் வளையத்தைத் திருப்பிக் கூர்மை பாருங்கள். தானியங்கி வேகம் இராது. ஆனால் அந்த வளையம் அடிக்கடி திரும்புவதும், லென்ஸ் வெளிச்சத்தையும் காற்றையும் பார்ப்பதும்தான் அதற்கு ஆயுள்.

தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது தாத்தாவின் லென்ஸில் பேரப்பிள்ளைகளை ஒரு படம் எடுங்கள். எந்த லென்ஸ், எந்த ஆண்டு, யார் யார் என்று படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.