பாலத்தில் நின்ற மனிதர்

டப்ளின் நகரை இரண்டாகப் பிரித்து ஓடும் லிஃபி ஆற்றின் மேல் ஓ'கானல் பாலம். 1930களில் தொடங்கி 1980கள் வரை அந்தப் பாலத்தில் கேமராவும் கையுமாக ஒருவர் நின்றார். பெயர் ஆர்தர் ஃபீல்ட்ஸ். 1901இல் டப்ளினில் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் ஆபிரகாம் ஃபெல்ட்மேன். கீவ் பகுதியில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குத் தப்பி, அயர்லாந்தில் அடைக்கலம் புகுந்த குடும்பம் அது.

எதிரே வருபவரைச் சட்டென்று படம் எடுத்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுவார். படம் வேண்டுமென்றால் சீட்டைக் காட்டிப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். படங்களைக் கழுவிப் பிரதி போடும் வேலை அவர் மனைவியுடையது. அன்று பல வீடுகளில் கேமராவே கிடையாது. இப்படி அவர் எடுத்த படங்கள் 1,82,000 இருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

இவற்றில் சிக்கியவர்களில், அம்மாவோடு வந்த சிறுவன் ஜார்ஜ் ஹாரிசனும் ஒருவன். ஆம், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் கிதார் வாசித்த அதே ஹாரிசன்!

ஆனால் படங்களின் உயிர் பிரபலங்களிடம் இல்லை. கைகோத்து நடக்கும் ஜோடி, அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு கேமராவை முறைக்கும் குழந்தை, தொப்பியைச் சரிசெய்யக்கூட நேரம் கிடைக்காத இளைஞன். போஸ் கொடுக்கத் தெரியாத, நடந்துகொண்டே இருக்கிற டப்ளின் அது. 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அயர்லாந்தை விட்டுப் போனார்கள். அந்தப் பத்தாண்டின் படங்களைப் பார்க்கும்போது, இந்த முகங்களில் எத்தனை கப்பலேறினவோ என்ற எண்ணம் வராமல் இருக்காது.

ஆண்டு எழுதாத படத்துக்குக் காலம் குறிக்கவும் ஒரு வழி இருந்தது. நடப்பவர் தோளுக்குப் பின்னால், ஓ'கானல் வீதியின் நடுவே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 134 அடி உயர நினைவுத் தூண் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். 1966 மார்ச் 8ஆம் தேதி அதிகாலையில் ஐரிஷ் குடியரசுவாதிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூண் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது.

ஃபீல்ட்ஸ் நெகட்டிவ்களைச் சேர்த்து வைக்கவில்லை. 1994இல் அவர் காலமானபோது, படங்கள் எல்லாம் ஊர்க்காரர்களின் ஆல்பங்களிலும் மேசை டிராயர்களிலும் சிதறிக் கிடந்தன. பின்னர் ஆவணப்படக்காரர்கள் சிலர், 'உங்கள் வீட்டுப் படத்தைத் தேடிக் கொடுங்கள்' என்று மக்களிடமே கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. படத்தோடு அதில் இருப்பவர் யார், அன்று எங்கே போய்க்கொண்டிருந்தார் என்ற குடும்பக் கதைகளும் சேர்ந்து வந்தன. ஃபீல்ட்ஸைப் பற்றிய ஆவணப்படம் 2014இல் வெளியானது.