அடிக்கட்டையில் தொடங்கும் பாதை

கலிபோர்னியாவில் ஆர்னால்ட் என்ற மலையூரைத் தாண்டி நான்காம் எண் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஏறினால் கலவேரஸ் பெருமரப் பூங்கா வரும். மாநில அரசின் பராமரிப்பில் இருக்கும் காடு அது. அதன் வடக்குத் தோப்பைச் சுற்றிவர ஒரு நடைபாதை உண்டு. நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான். மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லை. தாத்தா பாட்டியும் நடக்கலாம், நேற்று நடை பழகிய குழந்தையும் நடக்கலாம்.

பாதை தொடங்கிய சிறிது தூரத்திலேயே ஒரு பெரிய வட்டமேடை இருக்கிறது. படியேறிப் போனால் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும் அளவுக்கு இடம். மேடை என்று யாரும் கட்டியதல்ல அது. அடியில் 25 அடி குறுக்களவு இருந்த ஒரு ராட்சத செக்கோயா மரத்தின் அடிக்கட்டை. வெட்டிய பிறகு வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள்: வயது 1244.

அந்த மரத்தின் கதை 1852 வசந்தத்தில் தொடங்குகிறது. தங்கம் தேடி ஊரெல்லாம் கலிபோர்னியாவுக்குப் படையெடுத்திருந்த காலம். சுரங்கங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டிய ஒரு கம்பெனி, கூலியாட்களுக்கு இறைச்சி தேடித் தர அகஸ்டஸ் டௌட் என்ற வேட்டைக்காரரை வைத்திருந்தது. அடிபட்ட கரடி ஒன்றைத் துரத்திப் போனவர், இந்தத் தோப்புக்குள் வந்து நின்றுவிட்டார். முகாமுக்குத் திரும்பிச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. சில நாள் கழித்து, பெரிய கரடியைச் சுட்டிருக்கிறேன், தூக்கிவர ஆள் வேண்டும் என்று பொய் சொல்லி அவர்களைக் கூட்டிப்போய் மரத்தின் முன் நிறுத்தினார் என்கிறது ஊர்க்கதை. ‘கண்டுபிடிப்பு மரம்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஆனால் மிவோக் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்த மரங்களின் நடுவே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு இதில் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டே மரத்துக்கு முடிவு வந்தது. நேரில் பார்த்தவர்களே திகைத்தார்கள் என்றால், நியூயார்க்கில் காசு கொடுத்துப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்! பட்டையை உரித்து, மரத்தை வெட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடிவானது. இவ்வளவு பருமனை அறுக்கும் ரம்பம் அப்போது இல்லை. எனவே மரத்தைக் குடைந்து பம்புக் குழாய் செய்யும் நீண்ட துளைக்கருவிகளை எடுத்து வந்தார்கள். ஐந்து பேர், 22 நாள். சுற்றிலும் துளைமேல் துளையாகப் போட்டு மரத்தை அடியோடு துண்டித்துவிட்டார்கள். அப்படியும் அது விழவில்லை. துண்டிக்கப்பட்ட பின்னும் தன் எடையிலேயே நேராக நின்றது. ஆப்பு அடித்து, இன்னொரு மரத்தடியால் இடித்துத்தான் கடைசியில் சாய்த்தார்கள். அந்தத் துளைகளின் வரிசையை, விழுந்து கிடக்கும் அடிமரத்தில் இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

அடிக்கட்டையை இழைத்து நடன மேடையாக்கினார்கள். 1854 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று 32 பேர் அதன்மேல் ஆடினார்கள். சாய்ந்த மரத்தின் முதுகில் மதுக்கடையும், பந்து உருட்டி விளையாடும் கூடமும் முளைத்தன.

இவ்வளவு செய்தும் ஊர் நம்பவில்லை என்பதுதான் கொடுமை. பல மரங்களின் பட்டையை ஒட்டுப்போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றார்கள் கிழக்குக் கரை மக்கள். அதனால் 1854-இல் இன்னொரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் ‘காட்டின் தாய்’. இந்த முறை வெட்டவில்லை. சாரம் கட்டி 116 அடி உயரம்வரை பட்டையை மட்டும் உரித்தெடுத்தார்கள். நியூயார்க்கில் காட்டியபின் அந்தப் பட்டை கப்பலேறி லண்டனின் கிரிஸ்டல் பேலஸுக்குப் போய், மரம்போலவே மறுபடி பொருத்தி நிறுத்தப்பட்டது. 1866 டிசம்பரில் அங்கே பிடித்த தீயில் எரிந்தும் போனது. இங்கே உரிக்கப்பட்ட தாய் மரம் அதற்குள் பட்டுப்போயிருந்தது.

செக்கோயாவின் பட்டை சில இடங்களில் இரண்டடி கனம் இருக்கும். காட்டுத்தீ மரத்தைத் தின்றுவிடாமல் காப்பது அதுதான். அந்தத் தாய்க்கு அந்தக் கவசம் போய்விட்டது. 1908-இல் தீ வந்தபோது தடுக்க ஒன்றுமில்லை.

இந்தக் கொலைகளை எல்லோரும் சகித்துக்கொண்டுவிடவில்லை. மரம் சாய்ந்த 1853-லேயே பாஸ்டன் வாரப் பத்திரிகையான கிளீசன்ஸ் பிக்டோரியல் கண்டித்து எழுதியது. 1864-இல் செனட்டர் ஜான் கானஸ், யோசமைட் பள்ளத்தாக்கையும் மாரிபோசா செக்கோயாத் தோப்பையும் காக்கும் மசோதாவுக்காகப் பேசும்போது, இங்கிருந்து அனுப்பிய மரத்தை ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் கட்டுக்கதை என்று தள்ளியதை எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு ஜூன் 30-இல் அதிபர் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். காடு ஒன்றை மக்களின் பொதுச்சொத்தாக அமெரிக்க அரசு ஒதுக்கியது அதுவே முதல் தடவை. ஆனால் அந்தப் பேச்சுக்குக் காரணமான கலவேரஸ் தோப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அது தனியார் கையிலேயே இருந்தது. 1900-இல் மர வியாபாரி ஒருவர் அதை வாங்க, கலிபோர்னியாப் பெண்கள் சங்கங்கள் பெரும் போராட்டம் நடத்தின. வாஷிங்டனில் சட்டங்கள் வந்தும் பணம் வந்தபாடில்லை. நன்கொடையும் மாநில நிதியும் சேர்ந்து வடக்குத் தோப்பு மாநிலப் பூங்காவானது 1931-இல்தான். தெற்குத் தோப்பு சேர 1954 ஆயிற்று.

பாதையில் இன்னொரு பிரியமான மரமும் இருந்தது. தீயால் ஏற்கெனவே குடையப்பட்டிருந்த அதன் அடியை, 1880-களின் தொடக்கத்தில் ஆட்கள் நுழைந்துபோகும் சுரங்கமாகப் பெரிதாக்கினார்கள். யோசமைட்டில் ஒரு மரத்தைத் துளைத்துக் கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து வந்த போட்டி அது. ‘முன்னோடிகளின் குடில்’ என்ற அந்த மரத்துக்குள் பல தலைமுறைக் குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டன. 2017 ஜனவரி 8-இல் அடித்த புயல் மழையில் அது சாய்ந்து சிதறியது.

‘காட்டின் தாய்’ மட்டும் இன்னும் விழவில்லை. சுற்றிலும் உயிருள்ள செக்கோயாக்கள் செம்பழுப்பாய் நிற்க, நடுவே கரிந்த தண்டாக நிற்கிறது அது. பட்டையைத் துண்டுபோட ரம்பம் ஓட்டிய கோடுகள் கரியையும் மீறி அதன் உடம்பில் தெரிகின்றன.